ஏல மேசையில் ஒரு சுருட்டுப் பெட்டி

கொடுக்கிறவருடைய மனது நல்லதாயிருந்தால், கொடுக்கப்படும் பொருள் எதுவாயிருந்தாலும் வாங்கிக்கொள்ளலாமா? ஏழைப் பிள்ளைகளுக்காகச் சேருகிற பணம் எந்த வழியாய் வந்தாலும் நல்ல பணந்தானா? அன்பான வாசகர்களே, இவை பழைய கேள்விகளே. ஆயினும் சித்தூரில் ஒரு பள்ளி நடத்திய தர்ம ஏலத்தின்போது, இக்கேள்விகள் ஓர் அழகிய மரப்பெட்டியின் உருவில் எங்கள் முன் வந்து நின்றன. அன்று நாங்கள் சிந்தித்தவை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கும் எந்தக் குடும்பத்திற்கும் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

ஏலம் நமக்குப் புதிதல்ல. தமிழகத்துக் கிராம ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை நாளன்று வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், சேவல், முட்டை என்று விசுவாசிகள் கொண்டுவந்து வைப்பதை ஆராதனை முடிந்தபின் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவரே அதை மறுபடியும் ஆலயத்திற்குக் கொடுத்துவிட, அதே வாழைத்தார் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஏலத்திற்கு வரும். நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளில் இவ்வழக்கம் அதிகம் இல்லாவிட்டாலும், கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு வந்து குடியேறிய நம்மில் அநேகர் சிறுவயதில் பார்த்து மகிழ்ந்ததே அது. அங்கே பொருளின் விலையை ஒருவரும் பெரிதாய் எண்ணுவதில்லை. அது யாருடைய தோட்டத்தில் விளைந்தது, யாருடைய கை அதைச் சுமந்து வந்தது என்பதே பேச்சாயிருக்கும்.

பள்ளி ஏலம் சற்று வேறுவிதமானது. மேலைநாடுகளில், விசேஷமாய் அமெரிக்காவில், பெற்றோர்கள் கூடிப் பரிசுக் கூடைகளைக் கட்டி, அவற்றை ஏலமிட்டுப் பள்ளிக்கு நிதி திரட்டுவது வழக்கம். ஒரு கூடையில் புத்தகங்கள், ஒன்றில் சமையல் பொருட்கள், ஒன்றில் விளையாட்டுச் சாமான்கள் என்று கருத்துக்கேற்பப் பொருட்களை அடுக்குவார்கள். அந்த முறையைப் பின்பற்றியே, தகப்பனை இழந்த ஒன்பது பிள்ளைகளின் ஆண்டுக் கட்டணத்திற்காக இந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் ஏலத்தை ஏற்பாடு செய்தார்கள். ஆலோசனைக் குழுவில் என்னையும் அமர்த்தியிருந்தார்கள்.

பெட்டி வந்த விதம்

பல ஆண்டுகளுக்கு முன் அப்பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த ஒரு சகோதரர், அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்குத் திருப்பதிக்கு வந்திருந்தார். அவர் அனுப்பிய பரிசுப் பெட்டியைத் திறந்தபோது குழுவினர் வியந்துபோனார்கள். டொமினிக்கன் குடியரசில் கையால் சுற்றப்பட்ட இருபது சுருட்டுகள், நுனியை நறுக்கும் சிறு கருவி, பற்றவைக்கும் கருவி, இவையெல்லாவற்றையும் அடக்கிய பளபளப்பான மரப்பெட்டி. சுருட்டு காய்ந்து உதிராதபடி ஏறக்குறைய 70 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்துக் காப்பதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி அது. வந்த பொருட்களிலெல்லாம் விலை மிகுந்தது அதுவே என்பதில் ஐயமில்லை.

குழு இரண்டாய்ப் பிரிந்தது. "ஒன்பது பிள்ளைகளின் கட்டணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு பெட்டியிலே வந்துவிடும். வாங்குகிறவர் எப்படியும் புகைக்கிறவராய்த்தான் இருப்பார். நாமா அவரைக் கெடுக்கிறோம்?" என்றார் ஒருவர். "இதைப் பள்ளி வாசலுக்குள் கொண்டுவந்ததே பாவம், இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்" என்றார் மற்றொருவர். பெட்டியோடு வந்திருந்த சிறு கடிதத்தை இருவருமே கவனிக்கவில்லை. "என் தாத்தாவின் ஞாபகார்த்தமாக" என்று மாத்திரம் அதில் எழுதியிருந்தது.

சுருட்டு நம்முடைய சொல்

அக்கடிதத்தின் பொருளை அறியவேண்டுமானால் சுருட்டின் வரலாற்றைச் சற்றே அறியவேண்டும். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல், சுருட்டு என்னும் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதே. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கடல்கடந்து பெயர்பெற்றிருந்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த புகையிலை உறையூர்த் தெருக்களில் சுருட்டாக உருவெடுத்தது. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதையிலே, கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கண்டு அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று ஹோம்ஸ் கண்டறிவதாக வருகிறது. இங்கிலாந்தின் பிரதமராயிருந்த சர்ச்சிலும் இச்சுருட்டை விரும்பினார் என்று சொல்வதுண்டு.

அந்தப் புகழெல்லாம் புகைத்தவருக்கும் விற்றவருக்குமே. சுற்றிய கைகளைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. காலைமுதல் மாலைவரை தரையில் அமர்ந்து, இலையின் நரம்பை நீக்கி, நறுக்கி, பலகையின்மேல் உருட்டி, பசையால் நுனியை ஒட்டி, எண்ணிக்கைக்கேற்பக் கூலி வாங்கிய கைகள் அவை. இன்றைக்கும் நமக்கு அருகிலுள்ள வேலூர், குடியாத்தம் பகுதிகளில் எத்தனையோ தாய்மார்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள். அவர்களில் நம் சபைகளுக்கு வருகிறவர்களும் உண்டு. ஆகையால் புகையிலையைப் பற்றிப் பேசும்போது நாவைக் காத்துக்கொள்ளவேண்டும். பொருள் தீங்கானது என்று சொல்லலாம். அதைச் சுற்றிய கை இழிவானது என்று சொல்ல ஒருவருக்கும் அதிகாரமில்லை.

சட்டம் சொல்வது

குழுவின் விவாதத்தை முடித்துவைக்கச் சட்டம் ஒன்றே போதுமாயிருந்தது. 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிகரெட்டு மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின்படி, எந்தக் கல்வி நிலையத்தைச் சுற்றிலும் 100 கெஜத்திற்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருட்களை விற்கலாகாது. பீடி, சிகரெட்டு, மூக்குப்பொடி ஆகியவற்றோடு சுருட்டும் அச்சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஏலமும் விற்பனையே. மேலும், எச்சரிக்கைப் படமும் வாசகமும் அச்சிடப்படாத புகையிலைப் பொட்டலத்தை, வெளிநாட்டிலிருந்து வந்ததாயினும், இந்நாட்டில் விற்க இயலாது. 2016 ஏப்ரல் முதல் அந்த எச்சரிக்கை பொட்டலத்தின் முகப்பில் 85 விழுக்காட்டை மூடியிருக்கவேண்டும் என்பது விதி. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

பள்ளி வாசலில், மஞ்சள் நிறத்தில், "இவ்விடத்தில் புகையிலைப் பொருட்கள் விற்பது குற்றம்" என்று எழுதிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்புறத்துப் பெட்டிக்கடைக்காரர் ஒருவர் சில சிகரெட்டுகளை விற்றால் அபராதம் கட்டுகிறார். அதே பலகைக்கு உட்புறத்தில், விளக்குகள் எரிய, ஒலிபெருக்கியில் விலை கூறி, இருபது சுருட்டுகளை நாம் விற்பது எப்படி? ஏலப் பொருட்களை மேசையிலிருந்து மேடைக்குச் சுமந்து வருகிறவர்கள் அப்பள்ளியின் மாணவ மாணவியரே. ஒரு பிள்ளையின் கையில் அந்தப் பெட்டி இருப்பதையும், பெரியவர்கள் கைதட்டி விலையை உயர்த்துவதையும் மனக்கண்ணால் பார்த்தேன். ஆண்டு முழுவதும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை அந்த ஐந்து நிமிடங்கள் அழித்துவிடும் அல்லவா?

நுரையீரலின் சாட்சி

சட்டத்திற்கு அப்பால் வேறொரு சாட்சியும் நம் பகுதியிலேயே உண்டு. அன்றைய சித்தூர் மாவட்டத்திலிருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில், பல மிஷன்கள் ஒன்றுசேர்ந்து 1912-இல் காசநோய் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கின. அதன் முதல் கண்காணிப்பாளர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஃபிரிமோட் முல்லர். நல்ல மருந்துகள் கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் தூய காற்றும் ஓய்வும் நல்ல உணவுமே சிகிச்சை. தென்னிந்தியா எங்குமிருந்து நோயாளிகள் அந்த உலர்ந்த காற்றைத் தேடி வந்தார்கள். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி 1948-இல் இந்தியாவில் முதன்முதலாகப் போடப்பட்டதும் மதனப்பள்ளியிலேதான்.

காசநோய்க்கும் புகைக்கும் உள்ள உறவு பின்னாளில் தெளிவாயிற்று. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கஜலட்சுமியும் அவரோடு ஆராய்ந்தவர்களும், சென்னையிலும் தமிழகக் கிராமங்களிலும் மரித்த 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி, 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இந்திய ஆண்களிடையே காசநோய் மரணங்களில் ஏறக்குறையப் பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

"சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லையே, ஆகவே தீங்கில்லை" என்பவர்கள் உண்டு. பெரிய சுருட்டு ஒன்றில், ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். அதன் புகை வாயிலும் தொண்டையிலும் உணவுக்குழலிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது. தெலுங்கில் 'சுட்ட' எனப்படும் சுருட்டை, வட ஆந்திரக் கடலோரப் பெண்கள் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் நெடுங்காலமாய் உண்டு. மேலண்ணத்தில் புற்றுநோய் அவர்களிடையே மிகுதியாய்க் காணப்படுவதை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

திருப்பதியில் ஒரு மாலைப்பொழுது

பெட்டியை ஏலமிட இயலாது என்பது தெளிவாயிற்று. ஆனால் அதை எப்படித் திருப்புவது? தபாலில் அனுப்பிவிட்டால் காரியம் முடிந்துவிடும், ஒரு மனிதனும் முறிந்துபோவான். ஆகையால் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் பேருந்தில் பயணம் செய்து, திருப்பதியிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன்.

என் கையிலிருந்த பெட்டியைக் கண்டதுமே அவர் முகம் மாறியது. "திருப்பிக் கொடுக்க வந்தீர்களா, ஐயா?" என்றார்.

"பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிறேன், தம்பி. தாத்தாவைத் திருப்பிக் கொடுக்க வரவில்லை. அவரைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுப் போகிறேன்" என்றேன்.

அவருடைய தாத்தா உறையூரில் சுருட்டுச் சுற்றியவர். அந்தக் கூலியில் மகனைப் படிக்கவைத்தார். மகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, ரேணிகுண்டாவுக்கு மாற்றலாகி வந்தார். குடும்பம் ஆந்திராவில் வேரூன்றியது. "அவர் கையால் சுற்றிய பொருளை வெள்ளைக்காரன் பெருமையாய்ப் புகைத்தான். அவருக்கோ ஒரு மேடையும் இல்லை, ஒரு மாலையும் இல்லை. என் பள்ளியிலாவது அந்தப் பொருள் பெரிய விலைக்குப் போகட்டும் என்று நினைத்தேன், ஐயா" என்றார். அதில் செல்வச் செருக்கு இல்லை. ஒரு பேரனின் ஏக்கமே இருந்தது.

அப்பொழுது உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த அவருடைய தாயார் மெதுவாய்ப் பேசினார்கள். "மாமா சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நேரே கிணற்றடிக்குப் போவார். புளியைத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவுவார். அந்த வாசனை போகாமல் பேரப்பிள்ளையைத் தூக்கமாட்டார். 'இந்தக் கை நாற்றம் என்னோடே போகட்டும்' என்று சொல்லுவார். கடைசியில் இருமலிலேதான் போனார்" என்றார்கள்.

மகன் நெடுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. எந்த வாசனை தன் பேரன்மேல் படக்கூடாதென்று அம்முதியவர் கைகளைத் தேய்த்தாரோ, அதையே அவர் பெயரால் பிள்ளைகளின் நடுவே வைக்கலாமா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. சற்றுநேரத்திற்குப் பின், "தாத்தாவின் பெயரில் வேறென்ன வைக்கலாம், அம்மா?" என்று அவர் தாயாரைக் கேட்டார். சுருட்டுகளை வெளியே எடுத்து வைத்தார். அவற்றை அவர் பின்பு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

பெத்லகேமின் தண்ணீர்

திரும்பி வருகையில் வேதத்தின் இரண்டு நிகழ்ச்சிகள் என் நினைவில் வந்தன. தாவீது பெத்லகேமின் கிணற்றுத் தண்ணீர்மேல் ஆவல்கொண்டபோது, மூன்று பராக்கிரமசாலிகள் பெலிஸ்தரின் பாளயத்தைத் துணிந்து கடந்து அதை மொண்டு வந்தார்கள். தாவீது அதைக் குடிக்க மனதில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். அந்த மூவரையும் அவன் அவமதித்ததாக யாரும் சொல்வதில்லை. அவர்களுடைய அன்பு அத்தனை பெரிதென்று கண்டதினாலேயே அவன் குடிக்கவில்லை. கொண்டுவந்தவரைக் கனப்படுத்தி, கொண்டுவந்ததை உபயோகிக்காமலிருக்க ஒரு வழி உண்டு என்பதற்கு இது அத்தாட்சி.

மற்றது எச்சரிக்கை. யூதாஸ் எறிந்துவிட்டுப்போன முப்பது வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று பிரதான ஆசாரியர்கள் மறுத்தார்கள். பணத்தைப் பற்றி அத்தனை கவனம். அதை எறிந்தவன் எங்கே போனான், என்ன ஆனான் என்று ஒருவரும் பின்னே செல்லவில்லை. பரிசுத்தம் என்ற பெயரில் பொருளைத் தள்ளி, மனிதனையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற ஆபத்து ஊழியக்காரருக்கும் சபைகளுக்கும் எக்காலத்திலும் உண்டு.

ஏல நாளில்

அதே மரப்பெட்டி வேறு பொருட்களோடு மேடைக்கு வந்தது. ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரித் துணி ஒன்று, சித்தூர்ப் பகுதியின் வெல்லம், மாம்பழக் கூழ் டப்பாக்கள், தாயார் கையால் செய்த வேர்க்கடலை உருண்டை. கலம்காரியின் கறுப்பு மை, இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாட்கள் ஊறவைத்துச் செய்யப்படுவது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து, மூங்கில் எழுதுகோலால் கையாலேயே வரைகிறார்கள். "கையால் உழைத்துத் தன் மகனைப் படிக்கவைத்த ஒரு தொழிலாளியின் நினைவாக" என்று அறிவித்தபோது மண்டபம் அமைதியாய்க் கேட்டது.

நல்ல விலைக்கே போனது. ஆயினும் சுருட்டோடு போயிருந்தால் வந்திருக்கக்கூடிய விலை வரவில்லை. முடிவில் சேர்ந்த தொகை ஒன்பது பிள்ளைகளில் ஏழு பேருக்கே போதுமானதாயிற்று. மற்ற இருவருக்காகக் குழுவினர் பல வாரங்கள் வீடு வீடாய் ஏறி இறங்கவேண்டியிருந்தது. "அந்தப் பெட்டி மட்டும் இருந்திருந்தால் இந்த நடை மிச்சம், பாஸ்டர் ஐயா" என்றார் அவர்களில் ஒருவர். கணக்கின்படி அவர் சொன்னது சரியே. நேர்மைக்கு விலை உண்டு. அந்த விலையைப் பிள்ளைகள் சுமக்கவிடாமல் பெரியவர்கள் நம் கால்களால் செலுத்தவேண்டும் என்று சொல்லி, அன்று மாலை நானும் அவரோடு நடந்தேன்.

பரிசுப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு

இத்தகைய ஏலங்கள் நகரப் பள்ளிகளில் பெருகிவருகின்றன. ஆகையால் சில ஆலோசனைகள்:

1. எவ்வகைப் பொருட்கள் ஏற்கப்படும், எவை ஏற்கப்படமாட்டா என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். புகையிலை, மது ஆகியவற்றை முன்னதாகவே விலக்கிவிட்டால், பின்பு ஒருவரையும் புண்படுத்தவேண்டியிராது.

2. உங்கள் ஊரின் கைத்தொழிலைத் தேடுங்கள். நம் பகுதியில் கலம்காரியும் வெங்கடகிரிச் சேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றை வாங்கினால் பள்ளிக்கும் நெசவாளிக்கும் ஒருசேர உதவி. செம்மரப் பொருட்களில் மாத்திரம் எச்சரிக்கையாயிருங்கள், அம்மரத்தின் வியாபாரம் அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது.

3. பெரிய பெட்டிகளோடு சிறிய பெட்டிகளும் இருக்கட்டும். கூலிவேலை செய்யும் பெற்றோரும் கையை உயர்த்தி விலைகேட்க இடமிருக்கவேண்டும்.

4. மறுக்கவேண்டிய பொருள் வந்தால், தொலைபேசியில் மறுக்காதீர்கள். நேரில் செல்லுங்கள். ஏன் கொடுத்தார் என்று முதலாவது கேளுங்கள்.

5. உங்கள் வீட்டிலேயே புகைப்பழக்கத்தோடு போராடுகிறவர் இருந்தால் அவரை இகழாதீர்கள். 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண், புகையிலைப் பொட்டலத்தின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அவரோடு அமர்ந்து அந்த எண்ணை அழையுங்கள்.

பிரியமானவர்களே, நம்மில் அநேகருடைய முன்னோர்கள் மண்ணிலும் தூசியிலும் உழைத்து நம்மை நகரங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் செய்த தொழில்கள் எல்லாம் சொல்லிக்கொள்ளத்தக்கவையாய் இராமற்போகலாம். அவர்களைக் கனம்பண்ண அந்தத் தொழிலின் பொருளைச் சுமந்து திரியவேண்டியதில்லை. அவர்கள் நமக்காக எதைக் கழுவிப்போட்டார்களோ அதை நம் பிள்ளைகளும் தொடாமலிருக்கும்படி பார்த்துக்கொள்வோம். அவர்கள் நம்மைப் படிக்கவைத்ததுபோல, தகப்பனில்லாத பிள்ளை ஒன்றை நாமும் படிக்கவைப்போம். அதற்கான பலத்தையும் மனதையும் கர்த்தர் நம் குடும்பங்களுக்குத் தந்தருள்வாராக.